பழைய ஆர்எக்ஸ்-7-க்கு 99 மாடல் முகம் வைக்கும்போது

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் மூன்றாம் தலைமுறை, அதாவது எஃப்டி3எஸ் உடல், 1991 கடைசியில் விற்பனைக்கு வந்தது. 2002 ஆகஸ்டில் தயாரிப்பு நின்றது. இத்தனை ஆண்டுகளில் கூரை, கதவு, பானட், பின்பக்கத் தகடு எதன் அடிப்படை வடிவமும் மாறவில்லை. மாறியது இரண்டு முனைகள்தான். அதனால் ஒரு 1993 எஃப்டியை 1999 எஃப்டி போல ஆக்குவதற்குத் தகட்டை வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. பெரும்பாலும் கழற்றி மாட்டும் வேலைதான். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இப்படி அமைவது அரிது.

இந்த வசதியே பலரை ஏமாற்றியும் விடுகிறது. பம்பர் வந்தது, பெயிண்ட் அடித்தோம், மாட்டினோம் என்று முடித்துவிடுகிறார்கள். அடுத்த வெயில் காலத்தில் கூலன்ட் சூடு ஏன் ஏறுகிறது என்று புரியாமல் தெர்மோஸ்டாட்டையும் வாட்டர் பம்பையும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். 1999-இல் மாஸ்டா மூக்கை மாற்றியது அழகுக்காக மட்டும் இல்லை. ரேடியேட்டருக்கும், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அதிகக் காற்று வேண்டும் என்பதற்காகத்தான் திறப்புகளைப் பெரிதாக்கினார்கள். அந்தத் திறப்புக்குப் பின்னால் இருக்கும் காற்றுக் குழாய்களையும் தடுப்புகளையும் விட்டுவிட்டு வெளித்தோலை மட்டும் மாற்றினால், பழைய பம்பர் செய்துகொண்டிருந்த வேலையையும் சேர்த்துக் கெடுத்ததாகிவிடும். இந்தக் கட்டுரை காற்றுக்கு இவ்வளவு இடம் கொடுப்பது அதனால்தான்.

எது எந்த ஆண்டில் மாறியது

ஆர்வலர்கள் இந்த உடலை மூன்று சீரிஸாகப் பிரிப்பார்கள். 1991 முதல் 1995 வரை சீரிஸ் 6, 1996 முதல் 1998 வரை சீரிஸ் 7, 1998 டிசம்பருக்குப் பிறகு சீரிஸ் 8. அமெரிக்காவில் விற்றவை 1993 முதல் 1995 வரையிலான மாடல்கள் மட்டுமே, ஆகவே அவை எல்லாம் சீரிஸ் 6. சீரிஸ் 8 ஜப்பானில் மட்டும் விற்பனையானது.

மூன்று வட்டங்கள் கொண்ட டெயில் லைட்டை 99 மாடலின் அடையாளம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது 1996-லேயே வந்துவிட்டது. 99-இன் தனி அடையாளங்கள் அகன்ற வாய் உள்ள முன் பம்பர், அதன் இரு ஓரங்களிலும் நிற்கும் புதிய கூட்டு விளக்கு (இண்டிகேட்டரும் பொசிஷன் லைட்டும் சேர்ந்தது), பம்பரின் அடியில் வரும் முன் லிப், மாற்றி வடிவமைத்த பின் விங் ஆகியவை. சில வகைகளில் அந்த விங்கின் கோணத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியும். உங்களிடம் இருப்பது சீரிஸ் 7 என்றால் டெயில் லைட்டுக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம். 1997 அக்டோபருக்கு முந்தைய ஜப்பானியக் காராக இருந்தால் மூக்கில் அன்ஃபினி (ஜப்பானில் மாஸ்டா வைத்திருந்த தனி விற்பனைப் பெயர்) சின்னம் இருக்கக்கூடும். புதிய மூக்கில் மாஸ்டா சின்னம்தான் உட்காரும்.

எஞ்சின் எல்லாவற்றிலும் ஒன்றே: 13பி-ஆர்இடபிள்யூ, 654 சிசி வீதம் இரண்டு ரோட்டர் (பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழல்பவை), வரிசையாக வேலைக்கு வரும் இரண்டு டர்போ. ஆற்றல் மட்டும் 255-இலிருந்து 265-க்கும், சீரிஸ் 8-இன் உயர் வகைகளில் 280 பிஎஸ்ஸுக்கும் (குதிரைத்திறன்) ஏறியது. முகத்தை மாற்றினால் இதில் ஒரு குதிரைத்திறன்கூட அதிகரிக்காது.

சூடு ஏன் இவ்வளவு முக்கியம் என்று ரோட்டரி ஓட்டாதவர்கள் கேட்பார்கள். இந்த எஞ்சினில் ரோட்டர் சுற்றும் ஹவுசிங் அலுமினியம், இரண்டு பக்கமும் அதை மூடும் தட்டுகள் வார்ப்பிரும்பு. சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரிவதில்லை. இடையில் கூலன்டை அடைத்து நிற்பது மெல்லிய ரப்பர் சீல். ஒருமுறை நன்றாகக் கொதித்துவிட்டால் அந்த சீல் போய்விடும், எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும். பம்பருக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டதற்கு இவ்வளவு பெரிய தண்டனை தேவையில்லை.

வேலை தொடங்குவதற்கு முன்பே அளந்துவிடுங்கள்

எஃப்டியின் தொழிற்சாலைச் சூட்டுமானியை நம்ப வேண்டாம். அந்த முள் பெரும் வெப்ப வரம்பு முழுவதற்கும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டது. அது அசையும்போது காரியம் கைமீறியிருக்கும். முதலில் எண்ணில் காட்டும் ஒரு கூலன்ட் மீட்டரைப் பொருத்துங்கள். ஆயில் சூட்டுக்கும், இன்டர்கூலர் தாண்டிய காற்றின் சூட்டுக்கும் சென்சார் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

பழைய பம்பர் இருக்கும்போதே சமதளச் சாலையில் ஒரே கியரில், 80 முதல் 100 கி.மீ. வேகத்தில், எண்கள் அசையாமல் நிற்கும் வரை ஓட்டுங்கள். மூன்று எண்களோடு அன்றைய வெளிக்காற்றின் சூட்டையும் எழுதி வையுங்கள். பிறகு புதிய பம்பரோடு அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டி, வெளிச்சூட்டைக் கழித்து ஒப்பிட வேண்டும். நின்றுகொண்டே அளந்து பயனில்லை. நின்ற நிலையில் காற்றை இழுப்பது ஃபேன், மூக்கின் திறப்பு அல்ல. இந்தக் காரில் ஃபேனின் முதல் வேகம் 105 பாகை செல்சியஸை ஒட்டித்தான் கிளம்பும். அதனால் நெரிசலில் 105 தொடுவதைப் பார்த்துப் புதிய பம்பரைக் குறை சொல்ல முடியாது. நெடுஞ்சாலை எண் ஏறியிருந்தால்தான் காற்றுவழியைச் சந்தேகிக்க வேண்டும்.

பாகம் வாங்கும்போது

முன்பக்கத்துக்கு வேண்டியவை: பம்பர் தோல், இரண்டு கூட்டு விளக்குகள், அவற்றின் ஹோல்டரும் கனெக்டரும் சிறிது வயரோடு, லிப், சின்னம், பம்பர் ஓரத்தைப் பிடிக்கும் பிராக்கெட்டுகள், 99-க்கான இன்டர்கூலர் காற்றுக்குழாய், ஆயில் கூலர் குழாய்கள், அடித்தட்டு. விற்பனைக்கு வரும் செட்டுகளில் முதல் மூன்றும் இருக்கும், குழாய்களும் அடித்தட்டும் பெரும்பாலும் இருக்காது. காரைப் பிரித்து விற்பவர்களிடம் அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள், பம்பர் கைமாறிய பிறகு அவை கிடைப்பது கடினம். விளக்கு வாங்கும்போது கனெக்டரை வயரோடு கேட்பதும் அப்படியே. ஒரு கைப்பிடி நீளம் வயர் இருந்தால் அரைநாள் வேலை மிச்சம்.

அசல் பம்பர் வளையும் பிளாஸ்டிக். உட்பக்கத்தில் அச்சிட்ட குறியைப் பாருங்கள்: பியுஆர் என்றிருந்தால் யூரித்தேன், பிபி என்றிருந்தால் பாலிபுரோப்பிலீன். குறி அழிந்திருந்தால் உள்ளே ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். யூரித்தேன் பொடியாக உதிரும், பாலிபுரோப்பிலீன் இழுபட்டு நூல் நூலாக நிற்கும். இந்த வேறுபாடு பெயிண்டில் திரும்ப வரும். சந்தையில் கிடைக்கும் நகல்களில் பாதி ஃபைபர்கிளாஸ். அது விலை குறைவு, ஆனால் ஓரத்தைச் சீராக்கவும் ஓட்டைகளைச் சரிசெய்யவும் ஆகும் நேரத்தைக் கணக்கிட்டால் மிச்சம் அதிகமில்லை. சக்கரத் தடுப்பில் ஒருமுறை இடித்தால் யூரித்தேன் வளைந்து திரும்பும், ஃபைபர் உடையும். தினமும் ஓட்டும் காருக்கு, சிராய்ப்பு உள்ள பழைய அசல் பம்பரையே நாங்கள் எடுப்போம்.

கழற்றுதல்

பாப்-அப் ஹெட்லைட்டை மேலே தூக்கி வைத்துக்கொண்டு பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள கார் என்றால் சில நிமிடங்கள் காத்திருந்து தொடங்குங்கள். முன்பக்கம் மோதல் சென்சார் இருந்தால் அதைத் தட்டவோ திருப்பவோ கூடாது. பிறகு அடித்தட்டு, சக்கர வளைவின் உள்லைனர் முனை, ஃபெண்டர் ஓரத்து போல்ட், பானட் விளிம்புக்குக் கீழே உள்ள மேல்வரிசை என்ற ஒழுங்கில் கழற்றினால் பம்பர் முன்னால் இழுத்தால் வந்துவிடும். இரண்டு பேர் வேண்டும். ஒருவரே இழுத்தால் ஒரு ஓரம் ஃபெண்டர் பெயிண்டைக் கீறும், ஃபெண்டர் முனைகளில் டேப் ஒட்டிவிட்டு இழுங்கள்.

முப்பது ஆண்டு மண்ணும் உப்பும் தின்ற எம்6 போல்ட்டுகள் தலை முறியும். முந்தின நாளே துருநீக்கி எண்ணெய் அடித்து வையுங்கள். வெல்ட் நட்டு சுழல ஆரம்பித்தால் போராட வேண்டாம். போல்ட் தலையை டிரில் செய்து எடுத்து, கிளிப் நட்டு போட்டுக்கொள்ளலாம். பிளாஸ்டிக் கிளிப்புகள் முறியாமல் வந்தால் அதிசயம், ஒரு டஜன் புதியது கையில் இருக்கட்டும்.

பம்பர் இல்லாத அந்த நேரம் அருமையான நேரம். ஆயில் கூலர்களின் இறகுகளில் அடைந்திருக்கும் பூச்சி, இலை, கல் எல்லாவற்றையும் மெல்லிய நீரழுத்தத்தில் பின்னிருந்து முன்னாகக் கழுவுங்கள். மடங்கிய இறகுகளைச் சீப்பால் நிமிர்த்துங்கள். ரேடியேட்டருக்கும் அதே வைத்தியம். இந்த ஒரு கழுவல் மட்டுமே சில கார்களில் புதிய பம்பர் தரும் பலனைவிட அதிகம் தரும்.

பெயிண்டுக்கு முன்னால் மாட்டிப் பாருங்கள்

இந்த ஒழுங்கு தவறினால் பெயிண்ட் செலவு இரண்டு முறை. பெயிண்ட் அடிக்காத பம்பரை விளக்குகளோடு சேர்த்து முழுமையாக மாட்டிப் பார்க்க வேண்டும். கூட்டு விளக்குதான் பம்பரின் மூலை எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. விளக்கு இல்லாமல் பொருத்தம் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்.

மேல்வரிசை போல்ட்டுகளை முதலில் தளர்வாகக் கோத்து, பானட்டை மெல்ல மூடி, மூடிய ஹெட்லைட் மூடிகளோடு சேர்த்து நடுக்கோட்டைப் பாருங்கள். எஃப்டி பானட் அலுமினியம், உள்ளங்கையால் அழுத்தினால் பள்ளம் விழும். பூட்டுக்கு நேர் மேலே இரண்டு கையையும் விரித்து வைத்து மூட வேண்டும். இருபுற இடைவெளியும் ஒன்றாக வந்த பிறகு ஓரங்களை இறுக்கி, கடைசியில் அடிப்பக்கத்தை இறுக்குங்கள். அடியிலிருந்து தொடங்கினால் மூக்கு மேல்நோக்கித் தூக்கிக்கொள்ளும்.

எவ்வளவு திருகினாலும் ஒரு பக்கம் 4, 5 மி.மீ. அகன்றே நின்றால் பம்பரைக் குறை சொல்வதற்கு முன் காரை அளந்து பாருங்கள். முன்சட்டத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான இரண்டிரண்டு துளைகளைத் தேர்ந்து, குறுக்குக்குறுக்காக டேப் பிடியுங்கள். இரண்டு அளவும் ஒத்துவராவிட்டால் கார் எப்போதோ இடிபட்டிருக்கிறது. பழைய பம்பர் அந்தக் கோணலுக்குப் பழகியிருந்தது, அவ்வளவுதான்.

அனுப்பும்போது மடங்கி வந்த யூரித்தேன் பம்பரை வெயிலில் கவிழ்த்து வைத்தாலே பாதி நிமிரும். மீதிக்கு ஹீட் கன்னைத் தள்ளிப் பிடித்து, கை தாங்கும் எல்லைக்குச் சற்று மேலான சூட்டில் பரவலாகக் காட்டி, வேண்டிய வடிவத்தில் கட்டி முழுவதும் ஆறவிடுங்கள். பாதி ஆறும்போதே கட்டை அவிழ்த்தால் பழைய வடிவத்துக்கே போய்விடும்.

அமெரிக்க மாடலில் பம்பருக்குப் பின்னால் உள்ள குறுக்குச் சட்டமும் அதன் மெத்தையும் புதிய தோலில் இடிக்கலாம். சட்டத்தின் மேல் களிமண் உருண்டைகளை ஒட்டி, பம்பரை மாட்டிக் கழற்றினால் எங்கே இடிக்கிறது, எவ்வளவு என்று தெளிவாகத் தெரியும். மெத்தையில் அந்த இடத்தை மட்டும் செதுக்கலாம். சட்டத்தில் கத்தி படக்கூடாது. அதை எடுத்துவிட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மெதுவான மோதலில்கூட ரேடியேட்டர்தான் முதலில் அடிவாங்கும்.

காற்றுவழி

இனி முக்கியமான பகுதி. காற்று எப்போதும் எளிய வழியில்தான் போகும். ரேடியேட்டரின் அடர்ந்த இறகுகளுக்குள் நுழைவதைவிட அதன் ஓரத்து இடைவெளியில் நழுவிப்போவது அதற்கு எளிது. ஆகவே திறப்பு பெரிதானால் மட்டும் போதாது, உள்ளே வந்த காற்றுக்கு ரேடியேட்டரைத் தவிர வேறு வழி இருக்கக்கூடாது. பழைய பம்பரில் இந்த அடைப்புகளை மாஸ்டா அதன் திறப்பின் அளவுக்கு அமைத்திருந்தது. புதிய வாய் அகன்று வேறு உயரத்தில் நிற்கிறது. பழைய குழாய்களை அப்படியே விட்டால் அவற்றின் முனை பம்பரின் உட்சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

பம்பரை மாட்டியபின் இருட்டில், மூக்கின் திறப்பு வழியாக உள்ளே டார்ச் அடியுங்கள். இன்னொருவர் பானட் பக்கமும் சக்கர வளைவின் பக்கமும் பார்க்கட்டும். வெளிச்சம் எங்கெல்லாம் நேராகத் தெரிகிறதோ அங்கெல்லாம் காற்று கசியும். சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

99-க்கான அசல் குழாய்கள் கிடைக்காவிட்டால் செய்துகொள்ளலாம். முதலில் அட்டையில் வெட்டி, டேப் ஒட்டி, பம்பரை மாட்டிக் கழற்றிச் சரிபாருங்கள். பிறகு அந்த அட்டையை வைத்து 2 மி.மீ. ஏபிஎஸ் பிளாஸ்டிக் தகட்டிலோ 1 மி.மீ. அலுமினியத்திலோ வெட்டுங்கள். டர்போ, எக்ஸாஸ்ட் பக்கம் நெருங்கும் இடத்தில் ஏபிஎஸ் வேண்டாம், இளகிவிடும். வாயிலிருந்து இன்டர்கூலர் முகத்துக்குக் குழாய் மெல்ல விரிந்து போக வேண்டும். சட்டென்று மூலை திரும்பினால் காற்று சுவரை விட்டு விலகிச் சுழலும், இன்டர்கூலரின் ஒரு பாதிக்கு மட்டும் காற்று கிடைக்கும். குழாய் முனைக்கும் இன்டர்கூலருக்கும் இடையில் மூடிய துளைகள் கொண்ட ஃபோம் பட்டை, 15 மி.மீ. தடிமனில், பாதியாக அழுந்தும்படி ஒட்டுங்கள். சாதாரண மெத்தை ஸ்பாஞ்ச் தண்ணீரை உறிஞ்சி ஒரு மழைக்காலத்தில் உதிர்ந்துவிடும்.

ஓரத் திறப்புகளுக்குப் பின்னால் ஆயில் கூலர் நிற்கிறது. அமெரிக்காவின் அடிப்படை, டூரிங் வகைகளில் ஒன்று, ஆர்1, ஆர்2 வகைகளில் இரண்டு. ஒரே கூலர் உள்ள காரில் மறுபக்கத் திறப்பு வெறுமையாக இருக்கும். அதைத் திறந்தே விட்டால் அந்தக் காற்று சக்கர வளைவுக்குள் போய்த் தேங்கும். அதை ஒரு தகட்டால் மூடுங்கள், அல்லது குழாய் வைத்து பிரேக்குக்குத் திருப்புங்கள். கூலருக்குள் நுழையும் காற்று வெளியேறவும் வேண்டும். துளையில்லாத நகல் உள்லைனர் மாட்டினால் வெளியேறும் வழி அடைபட்டுப் போகும், ஆயில் சூடு முன்னைவிட ஏறும். நுழைவாயிலைப் பெரிதாக்கியும் ஆயில் சூடு குறையாத கார்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்த வெளிவழிதான்.

அடித்தட்டு இல்லாமல் எஃப்டியை ஓட்டவே கூடாது. ரேடியேட்டர் சாய்ந்து நிற்கும் கார் இது, மூக்கின் வாய் தாழ்வானது. அடித்தட்டு இல்லாவிட்டால் உள்ளே வந்த காற்றின் ஒரு பகுதி கீழே நழுவிவிடும். காரின் அடியில் ஓடும் காற்றும் ரேடியேட்டருக்குப் பின்னால் மேலேறி, வெளியேற வேண்டிய காற்றைத் தடுக்கும். நெடுஞ்சாலையில் வேகம் கூடக் கூடச் சூடும் கூடுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். பழைய அடித்தட்டு புதிய பம்பரின் விளிம்புக்கு எட்டாமல் நிற்கலாம். இடைவெளிக்கு ஒரு தகட்டுப் பட்டையை நீட்டி, எம்6 போல்ட்டும் அகன்ற வாஷரும் போட்டு இணையுங்கள். டேப் ஒட்டுவது வேலைக்காகாது, 100 கி.மீ. வேகத்தில் உரிந்துவிடும்.

வாய்க்கு வலை போடுவதாக இருந்தால் கண் பெரிதான, கம்பி மெல்லிய வலையைப் போடுங்கள். நெருக்கமான அழகுவலை திறப்பின் பலனில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். நம்பர் பிளேட்டையும் வாயின் நடுவில் தொங்கவிட வேண்டாம்.

வயரிங்

அமெரிக்க முன்விளக்கில் ஒரே பல்பில் இரண்டு இழை இருக்கும், ஒன்று பார்க்கிங், ஒன்று இண்டிகேட்டர். 99 கூட்டு விளக்கில் இண்டிகேட்டருக்குத் தனிப் பல்பு, பொசிஷன் லைட்டுக்குத் தனி 5 வாட் பல்பு. ஆகவே பழைய கனெக்டரின் மூன்று வயர்களை, அதாவது எர்த், பார்க்கிங், இண்டிகேட்டர் மூன்றையும் பிரித்து இரண்டு ஹோல்டர்களுக்குக் கொடுக்க வேண்டும். வயர் நிறத்தை நம்பி இணைக்காதீர்கள். ஒருவர் ஸ்விட்சைப் போடட்டும், நீங்கள் டெஸ்ட் லைட்டால் ஒவ்வொன்றையும் உறுதி செய்யுங்கள். எர்த்தை இரு ஹோல்டருக்கும் நன்றாகப் பகிர்ந்து கொடுங்கள். எர்த் பலவீனமாக இருந்தால் இண்டிகேட்டர் போடும்போது பொசிஷன் லைட்டும் சேர்ந்து மங்கலாக மினுக்கும். அந்த மினுக்கலைப் பார்த்தாலே எர்த்தைத் தேடிப் போகலாம்.

பழைய கனெக்டரை வெட்டாமல், அதில் போய்ச் செருகும் எதிர்முனை ஒன்றைத் தேடி இடைவயர் செய்வது நல்லது, பிறகு அசலுக்குத் திரும்ப அதுவே வழி. இணைப்புகளுக்கு உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். பம்பருக்குள் தண்ணீர் அடிப்பது நிச்சயம், வெறும் இன்சுலேஷன் டேப் ஒரு பருவம்கூடத் தாங்காது.

மூடுபனி விளக்கு உள்ள வகையை எடுத்தால் அதற்குத் தனி ரிலே வேண்டும். 55 வாட் வீதம் இரண்டு பல்பு 110 வாட், 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்று மேல். 15 ஆம்பியர் ஃபியூஸும் 2 சதுர மி.மீ. வயரும் போதும். பார்க்கிங் வயரிலிருந்து மின்சாரம் எடுத்து எரியவைத்தால் அந்த மெல்லிய வயர் சூடாகி உருகும். பார்க்கிங் வயர் ரிலேயின் சுருளை இயக்க மட்டும்தான்.

எல்இடி இண்டிகேட்டர் போட்டால் வேகமாகத் துடிக்கும். 21 வாட் பல்பு 1.75 ஆம்பியர் இழுத்த இடத்தில் இது மிகக் குறைவாக இழுப்பதால், பல்பு போய்விட்டது என்று ஃபிளாஷர் நினைக்கிறது. 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டரை இணையாகச் சேர்த்தால் சரியாகும். அது தொட முடியாத சூடு ஏறும். பம்பர் தோலிலோ வயர் கட்டிலோ அல்ல, உடலின் தகட்டில் போல்ட் போட்டு நிறுத்துங்கள்.

இன்னொன்று சட்டம் சார்ந்தது. அமெரிக்காவில் ஓடும் காருக்கு முன் ஓரத்தில் மஞ்சள், பின் ஓரத்தில் சிவப்புப் பக்கவிளக்கு கட்டாயம். ஜப்பானிய விளக்குகளில் அவை இல்லை, தனியாக வைத்தே ஆக வேண்டும்.

பெயிண்ட்

கழுவுவதிலிருந்தே தொடங்குகிறது. புதிய பம்பரில் அச்சிலிருந்து எடுக்க உதவிய மெழுகுப் பூச்சு இருக்கும். சோப்புத் தண்ணீர், பிறகு மெழுகுநீக்கி, பிறகு சாம்பல் நிற ஸ்காட்ச் பேட், மீண்டும் மெழுகுநீக்கி. தேய்ப்பதை முதலில் செய்தால் மெழுகைக் கீறல்களுக்குள் திணித்ததாகிவிடும். பாலிபுரோப்பிலீன் என்றால் பிளாஸ்டிக்குக்கான ஒட்டுப்பூச்சு மெல்லிய ஒரு படலம் அவசியம். இதைத் தவிர்த்தால் முதல் பிரஷர் வாஷிலேயே பெயிண்ட் தாள் போல் உரியும்.

ஃபைபர்கிளாஸ் பம்பரை வாங்கிய கையோடு பெயிண்டுக்கு அனுப்பக்கூடாது. முழுதாக இறுகாத ரெசின் பிறகு வெயிலில் சுருங்கும்போது பாய்நெய்தல் போன்ற தடம் பளபளப்புக்கு மேலே எழும்பும். சில நாட்கள் வெயிலில், பொருத்திய நிலையிலேயே வைத்துச் சூடேற விடுங்கள். 180 எண் உப்புத்தாளில் தேய்த்து, ப்ரைமர் ஒரு கோட் அடித்தபின்தான் ஊசித்துளைகள் கண்ணுக்குத் தெரியும். அவற்றுக்கு மெல்லிய பட்டியை விரலால் தேய்த்து அடையுங்கள். பிறகு 320 தாள், ஹார்டனர் கலக்கும் 2கே ப்ரைமர் இரண்டு மூன்று கோட், அதன்மேல் கறுப்பு வழிகாட்டிப் பூச்சு தூவி 500, 600 வாட்டர் பேப்பர். வளையும் பம்பருக்கு ப்ரைமரிலும் கிளியரிலும் நெகிழ்வுச் சேர்மானம் கலக்க வேண்டும், அளவு பெயிண்ட் டப்பாவில் சொன்னபடி. கூடுதலாகக் கலந்தால் கிளியர் பிசுபிசுப்பாகவே நிற்கும்.

நிறத்துக்கு எண்ணைக் கொடுத்தால் மட்டும் ஒத்துவராது. முப்பது வயது பெயிண்ட் மங்கியிருக்கும். ஃபெண்டரை பாலிஷ் செய்து உண்மை நிறத்தை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று சாயலில் அட்டையில் அடித்து, வெயிலில் ஃபெண்டர் முனையில் வைத்துப் பாருங்கள். மெட்டாலிக் நிறமாக இருந்தால் பம்பரைக் காரில் நிற்கும் அதே நிலையில் ஸ்டாண்டில் நிறுத்தி அடிக்க வேண்டும். படுக்க வைத்து அடித்தால் மினுக்குத்துகள் வேறு கோணத்தில் படிந்து, ஒரே டப்பா பெயிண்டே இரண்டு நிறமாகத் தெரியும்.

பின்பக்கம்

டெயில் லைட்டைப் பிடித்திருப்பது நட்டும் பியூட்டைல் பசையும். டிக்கி உள்ளே உள்ள டிரிம் வெயிலில் காய்ந்து பிஸ்கட் போல் இருக்கும், அகலமான பிளாஸ்டிக் நெம்பியால் கிளிப்புக்கு அருகிலேயே நெம்புங்கள். நட்டுகளை எடுத்தபின் மிதமான சூடு காட்டி, மீன் தூண்டில் நரம்பை இடையில் விட்டு அறுத்தால் பெயிண்ட் கெடாது. புதிய விளக்குக்குப் புதிய பியூட்டைல் கயிறு, 8 முதல் 10 மி.மீ. பருமனில், துண்டாகாமல் ஒரே சுற்று. சிலிக்கோன் வேண்டாம். அதன் சில வகைகள் தகட்டை அரிக்கும், அடுத்தமுறை கழற்றவும் விடாது. பிறகு ஒருவர் டிக்கிக்குள் டார்ச்சோடு இருக்க, கீழிருந்து மேலாகப் பத்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள். அமெரிக்கக் காரில் பழைய ஹோல்டரே பொருந்தும் என்று எண்ண வேண்டாம், முன்பக்கம் செய்ததுபோல ஒவ்வொரு வயரையும் சோதியுங்கள்.

புதிய விங்கின் துளைகள் பழையதோடு ஒத்துவராவிட்டால் காகித வார்ப்பு எடுத்து, நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் அளந்து, மூன்று முறை சரிபார்த்த பிறகே டிரில். முதலில் 3 மி.மீ., பிறகு பெரியது. வெட்டிய விளிம்பில் துருத்தடுப்பு ப்ரைமர் தொட்டு, ரப்பர் வாஷரோடு இறுக்குங்கள். பயன்படாத பழைய துளைகளை ரப்பர் மூடியால் அடைப்பதைவிட வெல்ட் வைத்து மூடுவதே நிலைக்கும். விங் கனமானால் கேஸ் ஸ்ட்ரட் தாங்காமல் டிக்கி தலைமேல் இறங்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

சக்கரம் விருப்பம்தான். சீரிஸ் 6-இல் 225/50 ஆர்16. சீரிஸ் 8-இன் டைப் ஆர்எஸ் தோற்றம் வேண்டுமென்றால் முன்னே 235/45 ஆர்17, பின்னே 255/40 ஆர்17. விட்டம் கணக்கிட்டால் பழையது 631 மி.மீ., புதிய முன்சக்கரம் 643, பின்சக்கரம் 636. வேகமானியில் பெரிய மாற்றமில்லை. போல்ட் வட்டம் 5 துளை, 114.3 மி.மீ., நடுத்துளை 67.1. 17 அங்குலச் சக்கரத்துக்குள் பழைய 294 மி.மீ. டிஸ்க் சற்றுச் சிறிதாகத் தெரியும். அசலில் அங்கே இருப்பது 314.

ஓட்டிப் பார்க்கும்போது

முதலில் குறித்து வைத்த அதே சாலை, அதே வேகம். வெளிச்சூட்டைக் கழித்த எண் முன்னைவிடக் குறைந்திருக்க வேண்டும், குறைந்தது சமமாகவாவது இருக்க வேண்டும். ஏறியிருந்தால் அடித்தட்டு, ஃபோம், லைனர் என்ற வரிசையில் திரும்பிப் பாருங்கள். ஒரு மாற்றம், ஒரு ஓட்டம் என்று போனால் எது காரணம் என்று தெரியும்.

இருநூறு கிலோமீட்டர் ஓடியபின் காரை ஜாக்கில் ஏற்றி அடித்தட்டின் போல்ட்டுகளை எல்லாம் ஒருமுறை இறுக்குங்கள். ஃபோம் அழுந்தியதும் இரண்டு மூன்று தளர்ந்திருக்கும். ஹெட்லைட்டை ஏற்றி இறக்கிப் பம்பர் விளிம்பில் தேய்ப்புத் தடம் இருக்கிறதா பாருங்கள். ஆயில் கூலர் ஹோஸ் புதிய குழாயின் வெட்டு விளிம்பில் உரசினால் அங்கே ரப்பர் விளிம்புப் பட்டை செருகுங்கள். பழைய பம்பரை மடக்காமல், நின்ற வடிவத்திலேயே துணி சுற்றி, விளக்குகளோடும் வெட்டாத கனெக்டர்களோடும் பத்திரப்படுத்துங்கள். காரை விற்கும் நாளில் வாங்குபவரிடம் இது எந்த ஆண்டுக் கார், எவை மாற்றியவை என்று எழுத்தில் சொல்லி, அந்தப் பெட்டியையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.